உங்களுக்குத் தெரியுமா? தோற்றவர் முகத்துக்கு நேரே நீளும் மைக்

✦ மலேசியாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் தொடங்கியது 1966இல். முதல் ஆண்டே இரண்டையும் தட்டிச் சென்றவர்கள் பேராக்கில் பிறந்த தமிழர்கள்: கோலகங்சாரின் மணி ஜெகதீசன், தாப்பாவின் ராஜாமணி. அந்த டிசம்பரில் பேங்காக் ஆசியப் போட்டியில் ஜெகதீசனுக்கு மூன்று தங்கம். 400 மீட்டரில் ராஜாமணிக்குத் தங்கம். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் 200 மீட்டர் அரையிறுதியில் ஜெகதீசன் ஓடிய 20.92 விநாடி, தேசியச் சாதனையாக 49 ஆண்டுகள் நின்றது. 2017இல்தான் கைருல் ஹஃபிஸ் ஜந்தான் அதை முறியடித்தார். ஓடுவதை நிறுத்தி, மருத்துவராகி, மருத்துவ ஆய்வுக் கழகத்தின் இயக்குநராகவும் ஆகிவிட்ட மனிதரிடம், "உங்க சாதனை எப்போ உடையும் டாக்டர்?" என்ற கேள்வி எத்தனை முறை போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

✦ ஈப்போவிலிருந்து இன்னும் ஒரு பெயர். ஷெரீன் சாம்சன் வல்லபோய், 2023 கம்போடியா சீ விளையாட்டில் 400 மீட்டர் தங்கம் வென்றவர். அப்பா, அம்மா இருவருமே முன்னாள் தேசிய ஓட்டக்காரர்கள். வீட்டிலேயே இரண்டு பேருக்குத் தோல்வியின் ருசி தெரியும் என்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய கொடுப்பினை. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை.

✦ கோலகங்சாருக்கு ஜெகதீசனுக்கு முந்தைய பெருமை ஒன்று உண்டு. 1877இல் மலாயாவில் முதன்முதலாக ரப்பர் கன்றுகள் நடப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அந்தப் பால்மரத்தை நம்பித்தான் நம் பாட்டன் பாட்டிகள் கப்பலேறினார்கள். சுங்கை சிப்புட், சுங்கை, பீடோர், தாப்பா என்று பேராக் முழுக்கத் தோட்டங்கள். லயத்துக்கு முன்னால் ஒரு திடல், திடலில் மாலையில் பந்து. பிறகு செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சனங்கள் ஈப்போவின் புந்தோங் பக்கமும் பட்டணத்து அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தார்கள். லயங்கள் இடிந்தன. ஆனால் 'எஸ்டேட்' என்பதை வசையாக எறிகிறவர்கள் மட்டும் இன்னும் குறையவில்லை. அடுத்த துணுக்கைப் படியுங்கள்.

✦ 2021 அக்டோபர். பின்லாந்தின் வந்தா நகரில் சுதிர்மான் கிண்ணப் பூப்பந்து அரையிறுதி. மலேசியாவுக்காகக் களமிறங்கிய எஸ். கிசோனா, ஜப்பானின் அகானே யமாகுச்சியிடம் தோற்றார். யமாகுச்சி லேசுப்பட்டவர் அல்லர், அதே ஆண்டு டிசம்பரில் உலகப் பட்டத்தை வென்றவர். அவரிடம் தோற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஆட்டம் முடிந்த சூட்டோடு உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் முகநூலில் ஒரு பதிவு போட்டார். கிசோனாவின் நிறத்தையும் இனத்தையும் இழுத்து, பூப்பந்து சங்கம் இவரை எந்த எஸ்டேட்டிலிருந்து பொறுக்கி வந்தது என்று கேட்ட பதிவு அது.

கிசோனா சிரம்பான்காரர். 2019 மணிலா சீ விளையாட்டில் பெண்கள் ஒற்றையர் தங்கத்தை நாட்டுக்குக் கொண்டுவந்தவர். தோட்டத்திலிருந்தே வந்திருந்தாலும் அதில் குறை என்ன? சங்கம் கண்டித்தது, அமைச்சர்கள் கண்டித்தார்கள், போலீஸ் விசாரித்தது, பதிவு போட்டவர் மன்னிப்புக் கேட்டார். நல்லதுதான். ஆனால் அதற்குள் கிசோனா என்ன ஆனார்? 23 வயதுப் பெண், பல்லாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு விடுதி அறையில், கையில் கைப்பேசி. செய்தியாளர்கள் அழைத்துக் கேட்பது எதைப் பற்றி? யமாகுச்சியின் அடிகளைப் பற்றியா? இல்லை. "இந்தப் பதிவைப் பற்றி உங்க கருத்து என்ன?" ஆடித் தோற்றவர், அதற்குமேல் தன் நிறத்துக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

✦ டென்னிஸ் கிராண்ட் ஸ்லாம் விதிப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. ஆட்டம் முடிந்து 30 நிமிடத்துக்குள், வென்றாலும் தோற்றாலும், ஆட்டக்காரர் செய்தியாளர் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் 20,000 அமெரிக்க டாலர் வரை அபராதம். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: காயம்பட்டு, உடலால் வர இயலாத நிலை. கணுக்கால் பிசகினால் விடுப்பு. மனம் பிசகினால் நாற்காலியில் வந்து உட்கார்ந்து புன்னகைக்க வேண்டும்.

✦ அந்த வரியோடு மோதியவர்தான் நவோமி ஒசாக்கா. 2021 பிரெஞ்சுப் பொதுப் போட்டியில் செய்தியாளர்களைச் சந்திக்கப் போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்தார். மே 30 அன்று முதல் சுற்றில் வென்றார் (ஆமாம், வென்றார்!). அன்றே 15,000 டாலர் அபராதம். இப்படியே தொடர்ந்தால் போட்டியிலிருந்தே நீக்குவோம் என்று நான்கு கிராண்ட் ஸ்லாம் அமைப்புகளும் சேர்ந்து எச்சரித்தன. மறுநாள் அவரே விலகிக்கொண்டார். 2018 முதலே மனச்சோர்வோடு போராடி வருவதாக அப்போதுதான் உலகத்துக்குச் சொன்னார்.

வேடிக்கை இனிமேல்தான். ஒசாக்கா விலகியதைப் பற்றி அறிக்கை வாசிக்கச் செய்தியாளர்கள் முன் வந்தார் பிரெஞ்சு டென்னிஸ் சம்மேளனத் தலைவர் ஜில் மொரெத்தோன். வாசித்து முடித்தார், எழுந்து போய்விட்டார். ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்கு அபராதம் ஏதும் விதிக்கப்படவில்லை.

✦ அமெரிக்கக் காற்பந்து வீரர் மார்ஷான் லின்ச் செய்தியாளர்களைத் தவிர்த்ததற்காக 2014இல் 1 லட்சம் டாலர் அபராதம் கட்டியவர். 2015 தொடக்கத்தில் சூப்பர் போல் செய்தியாளர் நாள் வந்தது. இந்த முறை வந்து உட்கார்ந்தார். எந்தக் கேள்விக்கும் ஒரே பதில்: அபராதம் கட்டக் கூடாது என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன். திரும்பத் திரும்ப அதே வாக்கியம். விதியும் காப்பாற்றப்பட்டது, பணமும் தப்பியது. வாசகனுக்குக் கிடைத்தது என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

✦ ஒலிம்பிக்கில் ஏற்பாடு வேறு. களத்திலிருந்து உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் 'மிக்ஸ்ட் சோன்' என்றொரு பாதை. இருபுறமும் இடுப்பளவு தடுப்பு, தடுப்புக்கு அந்தப் பக்கம் நீட்டிய கைகள், கைகளில் கைப்பேசியும் மைக்கும். வியர்வை காயாத சட்டையோடு, தோளில் துண்டோடு வீரர் அதைக் கடந்தாக வேண்டும். நடப்பது கட்டாயம், நின்று பேசுவது அவர் விருப்பம். எனக்குத் தெரிந்து இதுதான் ஓரளவு மனிதத்தன்மையுள்ள ஏற்பாடு.

✦ சதுரங்கத்தில்கூடவா? சதுரங்கத்தில்தான் அதிகம்! உலக வெற்றியாளர் போட்டியில் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இருவரும் அருகருகே உட்கார்ந்து பேச வேண்டும். 2013 நவம்பரில் சென்னையில், சொந்த ஊரில், விஸ்வநாதன் ஆனந்த் கார்ல்சனிடம் அடுத்தடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தார். மீதி ஆட்டங்களில் தன்னால் முடிந்ததைச் செய்வேன் என்றார். முடிந்ததைச் செய்வது என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு நிருபர் குடைந்தார். எப்போதும் சாந்தமான ஆனந்த், இதுகூடப் புரியவில்லையா என்று சுள்ளென்று விழுந்தார். அதுவே மறுநாள் செய்தியானது. மூன்று ஆண்டு கழித்து நியூயார்க்கில் அதே கார்ல்சன் ஓர் ஆட்டம் தோற்றதும் செய்தியாளர் கூட்டத்திலிருந்து எழுந்து போனார். பரிசுத் தொகையில் ஒரு பகுதி பறிபோனது.

✦ 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். 18 வயது தொம்மராஜு குகேஷ் உலக வெற்றியாளர் ஆனார். எதிரே இருந்தவர் சீனாவின் டிங் லிரென். 2023இல் பட்டம் வென்ற பிறகு தனக்கு வந்த மனச்சோர்வையும், அதற்குச் சிகிச்சை பெற்றதையும் மறைக்காமல் பேசியவர். குகேஷ் பக்கத்திலோ முன்கூட்டியே ஒரு மனப் பயிற்சியாளர் இருந்தார்: தென்னாப்பிரிக்காவின் பேடி அப்டன். 2011இல் உலகக் கிண்ணம் வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் இருந்தவர் அவர்.

✦ அப்டனின் பெயரைக் கேட்டால் ஈப்போ ஹாக்கி ரசிகர்களுக்கு வயிறு கொஞ்சம் எரியலாம். 1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணத்தால் உலக ஹாக்கியில் ஈப்போவின் பெயர் நிலைத்தது நமக்குத் தெரியும். ஆனால் இது சென்னைக் கதை. 2023 ஆகஸ்டு 12, ஆசிய வெற்றியாளர் கிண்ண இறுதியாட்டம், எழும்பூர் அரங்கம். பாதி நேரத்தில் மலேசியா 3, இந்தியா 1. மூன்றாம் கால்பகுதி முடியும் தறுவாயில் ஒரு நிமிட இடைவெளியில் இந்தியாவுக்கு இரண்டு கோல்கள். 56ஆவது நிமிடத்தில் ஆகாஷ்தீப் சிங் இன்னொன்று. 4-3. அந்தத் தொடருக்குச் சற்று முன்புதான் இந்திய அணி அப்டனைச் சேர்த்துக்கொண்டிருந்தது. கோல் அடித்தது அவர் இல்லைதான். ஆனால் பின்தங்கிய அணி பதறாமல் ஆடியதில் அவருக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

✦ ரவிச்சந்திரன் அஸ்வின் 2024 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஓய்வு அறிவித்த விதம் நினைவிருக்கிறதா? அணித் தலைவர் ரோஹித் சர்மாவோடு வந்தார், அனைத்துலக கிரிக்கெட்டிலிருந்து விடைபெறுவதாகச் சொன்னார், கேள்விகள் எதையும் ஏற்கப் போவதில்லை என்று கூறி எழுந்தார். கேமராவைக் கண்டால் ஒதுங்குகிற ஆளா அவர்? யூடியூப்பில் மணிக்கணக்கில் பேசுகிறவர். பேசத் தெரிந்தவரே பேசாமல் போக விரும்பும் நாள் ஒன்று உண்டு. 2018க்கும் 2020க்கும் இடையில் பலமுறை ஓய்வை யோசித்ததாக 2021 இறுதியில் சொன்னவரும் இவர்தான். அந்த ஆண்டுகளில் அவர் எத்தனை செய்தியாளர் கூட்டங்களில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! யாருக்காவது தெரிந்ததா?

✦ விராட் கோலி 2014 இங்கிலாந்துப் பயணத்தில் ஓட்டம் வராமல் தவித்தபோது, சுற்றிலும் ஆட்கள் இருந்தும் தனியாக உணர்ந்தாராம். சொன்னது 2021இல். ஏழு ஆண்டு இடைவெளி!

✦ இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் மார்கஸ் டிரெஸ்கோதிக் 2006இல் இந்தியப் பயணத்தைப் பாதியில் விட்டு ஊர் திரும்பினார். காரணம் கேட்டவர்களிடம் ஏதோ கிருமித் தொற்று என்று சொல்ல வேண்டியிருந்தது. உண்மையில் அவரை வாட்டியது கடும் மனச்சோர்வு. 2008இல் சுயசரிதை எழுதித்தான் அதை முழுதாக உடைத்துச் சொன்னார். பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவரிடமிருந்து முதலில் வாங்கியது ஒரு பொய்யைத்தான்.

✦ பூப்பந்து வீரர் லீ சோங் வெய் பினாங்குக்காரர் என்றே பலர் நினைக்கிறார்கள். பிறந்தது பேராக்கின் பாகான் செராயில். 199 வாரங்கள் தொடர்ந்து உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் லின் டானிடம் மூன்றாவது செட்டில் 19-21. இரண்டே புள்ளி. அன்று அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, சமூக ஊடகத்தில் மலேசியர்களிடம் மன்னிப்புக் கேட்டது. வெள்ளிப் பதக்கத்துக்கு மன்னிப்பு! 2019 ஜூன் 13 அன்று, மூக்குப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு, செய்தியாளர்கள் முன்னால் அழுதுகொண்டே விடைபெற்றார். கேமராக்கள் அழுகையைத்தான் நெருங்கிப் போய்ப் படம் பிடித்தன.

✦ 2022 ஜனவரி 21. தேசிய அணியை விட்டு விலக விரும்பிய லீ ஸி ஜியாவுக்கு மலேசியப் பூப்பந்து சங்கம் இரண்டு ஆண்டுத் தடை விதித்தது. அணிச் சூழலின் அழுத்தத்தைத் தாங்க முடியவில்லை என்பதும் அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. நாடே கொதித்தது. நாலே நாளில் தடை நீங்கியது. தனியாக ஆடியவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் கொண்டுவந்தார்.

✦ ஈப்போவிலிருந்து காரில் அரை மணிகூட ஆகாது தஞ்சோங் ரம்புத்தானுக்கு. 1911இல் அங்கே தொடங்கிய மனநல மருத்துவமனைதான் இன்றைய ஹாஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. மலேசியாவிலேயே பெரியது. நூறு ஆண்டுக்கு மேலாக எத்தனையோ குடும்பங்களின் பிள்ளைகளைத் தேற்றி அனுப்பிய இடம். நாம் அதற்குச் செய்த கைம்மாறு? "இவன தஞ்சோங் ரம்புத்தான்லதான் கொண்டுபோய்ச் சேக்கணும்" என்ற கேலி. காப்பிக்கடையில் கேட்டிருப்பீர்கள், கல்யாண வீட்டில் கேட்டிருப்பீர்கள், சொல்லியும் இருப்பீர்கள். இந்தக் கேலியைக் கேட்டு வளர்ந்த ஒரு பேராக் பிள்ளை நாளைக்குத் தேசிய அணிக்குப் போய், "எனக்கு மனசு சரியில்ல, இன்னிக்கு பேட்டி வேண்டாம்" என்று எப்படி வாய் திறந்து சொல்லும்? கிராண்ட் ஸ்லாம் விதிப் புத்தகத்தைத் திருத்துவது நம் கையில் இல்லை. இந்தக் கேலியை நிறுத்துவது நம் கையில்தான் இருக்கிறது.

✦ முத்தையா முரளிதரனின் தாத்தா, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து போனவர். 1995இல் மெல்பர்னில் நடுவர் டேரல் ஹேர் அவர் வீச்சை ஏழு முறை நோபால் என்றார். 2004இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜான் ஹாவர்டே அவர் பந்தை எறிகிறார் என்று வெளிப்படையாகச் சொன்னார். முரளி செய்தது சின்னக் காரியம்: அந்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணத்துக்கே போகவில்லை. 800 டெஸ்ட் விக்கெட்டோடு விளையாட்டை முடித்தார். பேட்டியால் சொல்ல முடியாததைப் போகாமலே சொல்லிவிட்டார்.

✦ சாந்தி சௌந்தரராஜனை மறந்துவிடாதீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளிகளின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி. சில நாளில் பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அது ஒரு மருத்துவ விவரம். மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டியது. ஊர் முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. வாசலில் வேன்கள் நின்றன. அந்த நாட்களில் அவர் உயிரின் விளிம்புவரை போய் மீண்டார். தமிழக அரசு அறிவித்த 15 லட்சம் ரூபாய்ப் பரிசைத் திரும்பக் கேட்கவில்லை என்பது ஒரு நல்ல செய்தி. அந்தப் பணத்தில் அவர் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார் என்பது அதைவிட நல்ல செய்தி. தான் பேச வேண்டுமா என்பதைக்கூட அவர் தீர்மானிக்க முடியவில்லை. அவரைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள்.

✦ 2019-20 பருவத்திலிருந்து அமெரிக்க என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் ஒவ்வொன்றும் மனநல நிபுணரை ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டிமார் டிரோசன், கெவின் லவ் என்ற இரண்டு நட்சத்திரங்கள் 2018இல் தங்கள் மனநிலையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியதற்குப் பிறகு வந்த மாற்றம். அதே என்.பி.ஏ.தான் 2020 டிசம்பரில் செய்தியாளர்களைத் தவிர்த்த கைரி எர்விங்குக்கு 25,000 டாலர் அபராதம் போட்டது!

✦ செய்தியாளர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியில் நின்றுபோனது. அதுபோன்ற ஏடுகள் இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளை ஓடியது வெளியே யாருக்குத் தெரிந்திருக்கும்? பேப்பரில் பெயர் வந்த துண்டை வெட்டி, கண்ணாடிச் சட்டத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய வீடுகள் உண்டு. பேட்டி அப்போது ஏணியாக இருந்தது. தேர்வாளர் கண்ணில் படவும், ஆதரவாளர் கிடைக்கவும் அதுதான் வழி. இன்றைக்கும் வசதியில்லாத விளையாட்டுகளுக்கு அதுவே வழி. அதனால் "பேட்டியே வேண்டாம்" என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரை மணி அவகாசம் ஒரு நாளாக நீளட்டும். மனநலமும் விதிவிலக்கில் சேரட்டும். கேட்கிறவருக்கும் ஒரு விதிப் புத்தகம் இருக்கட்டும். எனக்கு இவ்வளவுதான் வேண்டும்.

✦ இப்போது நம் திடலுக்கு வருவோம். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, கூடாரத்து நிழல், காகிதத் தட்டில் கச்சாங் பூத்தே. 100 மீட்டரில் இரண்டாவதாக வந்த பத்து வயதுப் பிள்ளைக்கு இன்னும் மூச்சு வாங்குகிறது. முட்டியில் மண். சித்தப்பா கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "ஏம்மா கடைசியில திரும்பிப் பாத்த? பாக்காம ஓடியிருந்தா நீதானே ஃபர்ஸ்ட்டு?" பிள்ளையின் உதடு துடிக்கிறது. சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் காணொளி குடும்பப் புலனக் குழுவில். விதியும் கிடையாது, அபராதமும் கிடையாது. ஒசாக்காவால் விலகிக்கொள்ள முடிந்தது. இந்தப் பிள்ளை எங்கே விலகும்? முதலில் தண்ணீர் கொடுங்கள் சித்தப்பா. கைப்பேசி பையிலேயே இருக்கட்டும்.

✦ கடைசியாக ஒன்று, இதை வெட்டிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மலேசியாவில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. உதவி கேட்பவர் இனி போலீசுக்குப் பயப்பட வேண்டியதில்லை. சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555. மனம் கனக்கும்போது பேசத் துணை தேடுவோருக்கு பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வ அமைப்பும் உண்டு. அதற்கு ஈப்போவிலேயே கிளை இருக்கிறது.